சூழலும் தெரிவும்

ஒருவரது பண்பாட்டை ஆக்குவது அவர் வளரும் சூழலா, அவர் தாமே கொள்ளும் தெரிவா என்னும் வினா, ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே பயிலும் மாணாக்கராகிய நமக்குப் புறக்கணிக்கத் தக்கதன்று. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கொண்டமை கண்டு எம்பொருட்டு இரங்குவாரும் உளர். இவ்வினாவிற்கு விடை காண நெடுந்தூரம் செல்ல வேண்டா. வடசென்னையைச் சார்ந்த மணலியே சான்று தரும்.

மணலி இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையாலும் உரத் தொழிற்சாலையாலும் அறியப்படுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டிலோ முத்துகிருஷ்ண முதலியாரால் அது பெயர் பெற்றது. அவர் துபாஷி, அஃதாவது, கும்பினியார்க்கும் நம் நாட்டார்க்கும் இடைநின்று இருமொழியிலும் காரியம் முடிப்பவர். கவர்னர் பிகட் துரையிடம் அவர் அப்பணி புரிந்தார். செல்வமும் செல்வாக்கும் சூழல் அளித்தவை. அவற்றை எவ்வழியிற் செலுத்துவது என்பதோ அவரது தெரிவு. 1757-இல் கும்பினியார் பழைய சென்னகேசவப் பெருமாள் கோயிலை இடித்தனர். பின்னர்ப் பூக்கடைப் பகுதியில் அக்கோயிலும் மல்லிகேசுவரர் கோயிலும் எழுதற்கு முதலியார் பொருளுதவி முன்னின்றது. இராம நாடகக் கீர்த்தனை இயற்றிய சீகாழி அருணாசலக் கவிராயரையும் (1711–1779) அவர் போற்றி ஆதரித்தார்.

அதே காலத்தில், சென்னைப் பெரம்பூரிற் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) புதுச்சேரியில் டூப்ளே துரைக்குத் துபாஷியாய் விளங்கினார். பகலெல்லாம் பிரெஞ்சுக்காரரோடு பழகிய அவர், 1736 முதல் 1761 வரை தம் நாட்குறிப்பைத் தமிழிலேயே எழுதினார். அதன் நடை இலக்கண நடையன்று. பேச்சு வழக்கும் பிறமொழிச் சொற்களும் அதில் மிகுதி. சொற்களைச் சூழல் தந்தது. மொழியைத் தெரிந்தவர் அவரே. அதனாலன்றோ அக்காலத்துக் கடைத்தெருப் பேச்சும் அரண்மனைச் சூழ்ச்சியும் இன்று நாம் தமிழிற் படித்தறியக் கிடக்கின்றன!

இவ்விருவரும் சூழலை வென்றார் என்பது மிகையாம். கும்பினி இன்றேல் முதலியார்க்கு அத்துணைப் பொருள் ஏது? துபாஷித் தொழில் இன்றேல் பிள்ளைக்கு எழுதற்குரிய செய்திதான் ஏது? சூழல் கருப்பொருளை நல்கும். தெரிவு அதற்கு உருக் கொடுக்கும். ஒன்றையொன்று விலக்கி நிற்பன அல்ல அவை.

ஆகலின், ஆங்கிலங் கற்றால் தமிழ் குன்றும் என்பாரும், தமிழ் கற்றால் வாழ்வு குன்றும் என்பாரும் ஒருசேரப் பிழைபடுகின்றனர். பிறக்கும் ஊரையும் காலத்தையும் நாம் தெரிந்துகொள்வதில்லை. ஆயினும் இன்றிரவு நாட்குறிப்பை எம்மொழியில் எழுதுவது என்பது நம் கையதே. அதற்குத் துபாஷியின் செல்வம் வேண்டா. ஓர் ஏடும் எழுதுகோலும் அமையும்.