ஓட்டில்லாமல் 29 ஆண்டுகள்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் படித்தேன். மாம்பழத்தை டின்னில் அடைக்கும் தொழில் கற்க அமெரிக்கா போன பஞ்சாபி இளைஞர் தலீப் சிங் சௌந்த், அந்த நாட்டு எம்.பி. ஆகிவிட்டார், மனது வைத்தால் எவரும் ஆகலாம் என்று முடிகிறது. கதை உண்மை. முடிவுரைதான் பொய். அரசியல் அறிவியல் படிக்கிற நீ அதை அப்படியே விழுங்கக் கூடாது என்பதால் இந்த நீளக் கடிதம்.

சௌந்த் 1899-இல் அமிர்தசரஸ் பக்கத்துச் சஜ்ஜல்வாடி கிராமத்தில் பிறந்தவர். 1920-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு உணவுப் பதப்படுத்தல் படிக்கப் போனார். படிப்பு கணிதத்துக்கு மாறி, 1924-இல் டாக்டர் பட்டத்தில் முடிந்தது. ஆனால் அன்றைய கலிஃபோர்னியாவில் ஓர் இந்தியரைப் பேராசிரியராக வைத்துக்கொள்ள ஆளில்லை. மெக்சிகோ எல்லையை ஒட்டிய இம்பீரியல் பள்ளத்தாக்குக்கு விவசாயம் பார்க்கப் போனார். கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் பாலைவனம் அது. கொலராடோ ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்த பிறகே பயிர் முளைத்தது. கணித டாக்டர் அங்கே லெட்டூஸ் கீரையும் குதிரைமசாலும் பயிரிட்டார். முப்பதுகளின் பெருமந்தத்தில் கடன் கழுத்தை நெரித்தபோது மஞ்சள் கடுதாசி கொடுக்க மறுத்து, பிறகு உழைத்துக் கடனை அடைத்தார்.

முயற்சிக்குக் குறைவே இல்லை, பார்த்தாயா? ஆனாலும் கதவு பூட்டித்தான் கிடந்தது. அமெரிக்கக் குடியுரிமை கேட்க அன்று வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே வழி. 1923-இல் பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில் (நம் பகத் சிங் அல்ல, இவர் முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர்) இந்தியர் வெள்ளையர் கணக்கில் வரமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர் பலரிடமிருந்து அதைப் பறித்தும் விட்டார்கள். குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர் நிலம் வாங்கக் கூடாது என்பது கலிஃபோர்னியாவின் தனிச் சட்டம். சௌந்தால் ஓர் ஏக்கரைத் தன் பெயரில் எழுத முடியாது. ஊர்த் தேர்தலில்கூட ஓட்டுப் போட முடியாது.

அந்த ஆண்டுகளில் அவர் செய்ததைத்தான் நான் அரசியல் என்பேன். தேவாலயங்களிலும் மன்றங்களிலும் இந்திய விடுதலை பற்றிப் பேசினார். இந்தியாவை இழித்து கேதரின் மேயோ எழுதிய நூலுக்கு 1930-இல் மறுப்பு நூல் எழுதினார். 1942-இல் இந்தியர் சங்கம் ஒன்றுக்குத் தலைவராகி, குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தச் சொல்லி ஆள் திரட்டினார். நியூயார்க்கில் வணிகர் ஜே.ஜே. சிங்கும் இதே வேலையில் இறங்கியிருந்தார். உலகப் போரில் இந்தியாவின் தயவு அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டதும் கைகொடுத்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. குடியரசுக் கட்சியின் கிளேர் பூத் லூஸும் ஜனநாயகக் கட்சியின் இமானுவேல் செல்லரும் கொண்டுவந்த மசோதாவில் 1946 ஜூலை 2 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார். இந்தியர் குடியுரிமை பெறலாம். புதிதாகக் குடியேற ஆண்டுக்கு 100 பேர். இவ்வளவு கஞ்சத்தனமான சட்டத்துக்கே இத்தனை பேர் இத்தனை காலம் அலைந்தார்கள்.

1949 டிசம்பரில் சௌந்த் குடிமகன் ஆனார். மறு வருடமே வெஸ்ட்மோர்லண்ட் என்ற சிற்றூரின் நீதிபதி பதவிக்கு நின்றார். அங்கே அதற்கும் தேர்தல் உண்டு. ஜெயித்தார், குடிமகனாகி ஓராண்டு ஆகவில்லை என்று பதவியைக் கொடுக்கவில்லை. 1952-இல் மறுபடி நின்று ஜெயித்தார். உன் நீதிமன்றத்துக்கு வருகிறவர்களுக்குத் தலைப்பாகையை நீயே கொடுப்பாயா, நாங்கள் வாங்க வேண்டுமா என்று ஒருவர் எல்லோர் முன்னாலும் சீண்டினார். தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்பதில் தனக்கு அக்கறையில்லை, உள்ளே இருப்பதுதான் முக்கியம் என்ற பொருளில் சிரித்தபடி பதில் சொன்னார் சௌந்த். நானாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

1956-இல் நாடாளுமன்றக் கீழவைக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளர். (அங்கே நாடாளுமன்றத்துக்கே காங்கிரஸ் என்றுதான் பெயர்.) கீழவை உறுப்பினர் 7 ஆண்டுகள் குடிமகனாக இருந்திருக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். கணக்குப் போட்டுப் பார்: 1957 ஜனவரி 3-இல் பதவியேற்றபோது 7 ஆண்டுகள் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. எதிரில் நின்றவர் சாதாரண ஆளா? ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறந்த முதல் பெண் விமானி ஜாக்குலின் காக்ரன். கோடீஸ்வரரின் மனைவி, அதிபர் ஐசனோவருக்கு வேண்டியவர். சௌந்தின் பக்கம் மனைவி மேரியனும் பிள்ளைகளும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஐசனோவர் அலை அடித்த அதே தேர்தலில் மூன்று சதவீத வித்தியாசத்தில் சௌந்த் வென்றார். ஆசிய வம்சாவளியில் வந்த ஒருவர் அந்த அவையில் முழு உறுப்பினராக உட்கார்ந்தது அதுவே முதல் முறை.

மூன்று முறை ஜெயித்தார். வெளியுறவுக் குழுவில் இருந்தார். 1957 கடைசியில் ஆசியப் பயணத்தில் இந்தியாவுக்கும் வந்து, நம் நாடாளுமன்றத்தில் பேசி, பிறந்த ஊருக்கும் போனார். 1962-இல் பக்கவாதம் தாக்கிப் பேச்சு போனது. அந்த ஆண்டுத் தேர்தலில் தோற்றார். 1973-இல் காலமானார். இந்தியாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர் அந்த அவைக்கு மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது: சென்னையில் பிறந்த பிரமீளா ஜெயபாலும், டெல்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தியும்.

சௌந்தின் தன்வரலாறு 'காங்கிரஸ்மேன் ஃப்ரம் இந்தியா' 1960-இல் வந்தது. உன் கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பார். கிடைத்தால் வாஷிங்டன் பகுதியை அவசரமாகப் புரட்டினாலும் பரவாயில்லை. ஓட்டுரிமை இல்லாமல் அவர் ஊர் ஊராகக் கூட்டம் பேசிய காலத்தை நிதானமாகப் படித்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா