ஒரே இரவில் சேதனப் பசளைக்கு மாறிய நாடு

சுற்றாடல் தினம் வந்தால் மரம் நடுகிறோம், சித்திரம் கீறுகிறோம், பேச்சுப் போட்டியில் முழங்குகிறோம். ஆனால் சுற்றாடலைப் பற்றி ஒரு நாடு எடுக்கும் முடிவுகள் எங்கே பிறக்கின்றன? சுற்றாடல் அமைச்சில் என்று உடனே பதில் வரும். நாட்டில் காசும் அரசியலும் ஆட்டங்காணும் நேரத்தில் அவை திறைசேரியில்தான் பிறக்கின்றன என்பது என் எண்ணம். இதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போகத் தேவையில்லை. நாங்கள் தரம் 7, 8 படித்த காலத்தில் எங்கட வயல் வரம்பிலேயே நடந்த கதை இது.

2021 மே 6 ஆம் திகதி ஒரு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. இரசாயனப் பசளை, களைநாசினி, பீடைநாசினி எதையும் இனி நாட்டுக்குள் இறக்குமதி செய்ய முடியாது. முழு நாடும் சேதன விவசாயத்துக்கு மாறுகிறது என்று அறிவித்தார்கள். கேட்க எவ்வளவு நல்லாயிருக்கு! உலகில் வேறெந்த நாடும் முழுதாகச் செய்யாததை நாங்கள் செய்யப் போகிறோம்.

சொன்ன காரணம் மக்களின் உடல்நலம். அது முழுக்கப் பொய் இல்லை. வடமத்திய மாகாணத்தில், அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம், ஆயிரக்கணக்கான கமக்காரர்கள் சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். அதற்கு என்ன காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பாருங்கள். கீழே சுண்ணக்கல். தோட்டத்துக்குப் போடும் யூரியாவில் பயிர் எடுக்காத மிச்சம் நைத்திரேற்றாக மாறி நேரே கிணற்றுக்குப் போகிறது. மலசலகூடக் குழிகளும் சேர்ந்துகொள்கின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்தில் அதைத் தாண்டிய கிணறுகள் பல. எங்கள் அம்மம்மா வீட்டுக் கிணறும் அந்தப் பக்கம்தான். ஆகவே பசளையைக் குறைக்க வேண்டும் என்பது நியாயமான கதை.

அப்படியானால் ஏன் ஒரே இரவில்? 2019 ஜனாதிபதித் தேர்தல் விஞ்ஞாபனத்தில் இதே திட்டத்துக்குக் கொடுத்திருந்த காலம் 10 ஆண்டுகள்! பத்து ஆண்டு எப்படி ஒரு நாளாகச் சுருங்கியது என்று புரிய வேண்டுமானால் டொலர் கணக்கைப் பார்க்க வேண்டும். 2019 ஈஸ்டர் குண்டுத் தாக்குதலோடு சுற்றுலாத்துறை விழுந்தது. அந்த ஆண்டு முடிவில் புதிய அரசு பெறுமதிசேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது. அடுத்த ஆண்டு கொரோனா. 2019 இறுதியில் ஏறத்தாழ 760 கோடி டொலராக இருந்த நாட்டின் கையிருப்பு 2021 இறுதியில் 310 கோடியாகியது. பசளை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 40 கோடி டொலர் வரை போகிறது என்று அரசே சொன்னது. அதை நிறுத்தினால் டொலர் மிச்சம். வாகனத்தையும் மஞ்சளையும் நிறுத்திய அதே கைதான் யூரியாவையும் நிறுத்தியது.

இதில் எனக்குச் சந்தேகம் இல்லாமல் போனதற்கு இன்னொரு விடயமும் காரணம். 2020 நவம்பரில் இதே அரசு ஒரு பழைய சுற்றறிக்கையை நீக்கியது. எஞ்சிய காடுகளை வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்திருந்த 5/2001 இலக்கச் சுற்றறிக்கை அது. அந்தக் காடுகள் மாவட்ட, பிரதேச செயலாளர்களின் கைக்குப் போய், பயிர்ச்செய்கைக்கும் கொடுக்கலாம் என்றாகியது. சுற்றாடல் பாசத்தால் யூரியாவை நிறுத்தினவை, ஆறு மாதத்துக்கு முதல் ஏன் காட்டைத் திறந்துவிட்டவை?

இனிக் கொஞ்சம் விஞ்ஞானம். பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல் மட்டும்தான். யூரியாவில் 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ இருக்கிறது. கூட்டெருவில் நைதரசன் பெரும்பாலும் 1 முதல் 2 வீதம். நடுவில் 1.5 என்று எடுத்தால் அதே 23 கிலோவுக்கு 1,500 கிலோவுக்கு மேல் கூட்டெரு வேண்டும். ஒரு மூடையைச் சைக்கிள் கரியரில் கட்டி வரலாம். ஒன்றரைத் தொன்னை? அதுவும் கூட்டெருவின் நைதரசன் மெதுவாகத்தான் வெளியேறும், இந்தப் போகத்திலேயே முழுதும் பயிருக்குக் கிடைக்காது. நாடு முழுவதற்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவ்வளவு மாடும் இல்லை, அவ்வளவு சீமைக்கிளுவை இலையும் இல்லை, செய்து பழகினவர்களும் இல்லை.

சிறுபோகம் பழைய இருப்பில் சமாளித்தது. அடி விழுந்தது 2021 காலபோகத்துக்கு. எங்கட அப்பா மாட்டெருவும் சீமைக்கிளுவையும் போட்டுத்தான் விதைத்தார். நாற்பது நாளில் பக்கத்து வயல், எங்கட வயல் எல்லாம் ஒரே மஞ்சள். “பயிர் பசியோட நிக்குது, நான் என்னத்தைக் குடுக்கிறது?” என்று வரம்பில் நின்று சொன்னார். அறுவடையில் வழமையான மூடைகளில் பாதிகூட வரவில்லை. விதைநெல்லுக்கு எடுத்து வைத்ததுபோக விற்க அதிகம் இல்லை.

இது எங்கட வீட்டுக் கதை மட்டுமில்லை. 2021 இல் நாட்டின் நெல் உற்பத்தி ஏறத்தாழ 51 இலட்சம் தொன். 2022 இல் அது 34 இலட்சம் தொன்னுக்கு இறங்கியது. அரிசியில் தன்னிறைவு கண்ட நாடு அந்த ஆண்டு 7 இலட்சம் தொன்னுக்கு மேல் அரிசி இறக்குமதி செய்தது. ஆண்டுக்கு 120 கோடி டொலருக்கு மேல் உழைத்துத் தரும் தேயிலையும் குறைந்தது. மிச்சம் பிடிக்கப் போன டொலர் இரண்டு பக்கத்தாலும் வெளியே போயிற்று. இதற்கிடையில் சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளையில் எர்வினியா என்ற பற்றீரியா இருப்பதாகச் சொல்லிக் கப்பலை ஏற்கவில்லை. ஆனாலும் அந்தக் கம்பனிக்கு 67 இலட்சம் டொலர் கொடுக்க வேண்டி வந்தது. பயன்படுத்தாத பசளைக்குக் கொடுத்த காசு இது!

2021 நவம்பர் 24 இல் தடை நீங்கியது. ஆனால் அப்போது டொலர் இல்லை. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு உலகச் சந்தையிலும் விலை ஏறியது. 1,500 ரூபாவுக்கு வாங்கிய மூடையை 2022 இல் முப்பதாயிரத்துக்கு மேல் கேட்டார்கள். 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. யூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டுப் போனார். சமையல் எரிவாயு இல்லாமல் விறகடுப்புக்குத் திரும்பிய நாட்களை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நேரம் காட்டில் கோடரிச் சத்தம் கேட்டால் யார் யாரைக் கேட்பது?

“கியூபா செய்ததுதானே” என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1991 இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது கியூபாவுக்கு வந்த எண்ணெயும் பசளையும் நின்றுபோனது உண்மை. ஆனால் அங்கே யாரும் தடை போடவில்லை, பொருளே வரவில்லை. அரசு 1993 இல் பெரிய அரச பண்ணைகளை உடைத்துக் கூட்டுறவுகளுக்குக் கொடுத்தது, தலைநகர் ஹவானாவின் வெற்றுக் காணிகளில் மரக்கறி நடவைத்தது. மாடு பூட்டி உழுதார்கள். அப்படியும் மக்கள் பசியால் மெலிந்தார்கள். இன்றைக்கும் அந்த நாடு தன் உணவில் பெரும்பகுதியை இறக்குமதிதான் செய்கிறது. பாதிக் கதையை மட்டும் எடுத்துச் சொல்வது சரியில்லை.

எனக்கு அதிகம் கவலை தருவது விளைச்சல் இழப்பு இல்லை. விளைச்சல் திரும்பி வந்தது. நம்பிக்கைதான் வரவில்லை. இப்போது எங்கள் ஊரில் யாராவது மண்ணைப் பரிசோதித்து யூரியாவைக் கொஞ்சம் குறைத்துப் போடுவோம் என்றால், “ஓ, நீயும் சேதனக்காரனோ?” என்று சிரிக்கிறார்கள். விவசாயப் போதனாசிரியர் நல்லதைச் சொன்னாலும் 2021 ஐத்தான் நினைக்கிறார்கள். அம்மம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரோ அப்படியேதான் இருக்கிறது. குடிக்கிற தண்ணீரைக் காசுக்கு வாங்குகிறார்கள்.

அடுத்த இதழுக்கு ஓர் அட்டவணை போட நினைக்கிறேன். வயலோ தோட்டமோ உள்ள வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்டு, 2020, 2021, 2022 காலபோகங்களில் ஏக்கருக்கு எத்தனை மூடை வந்தது, என்ன பசளை எவ்வளவு போட்டார்கள் என்று ஒரு துண்டில் எழுதி நூலக வாசலில் இருக்கும் பெட்டிக்குள் போடுங்கள். பெயர் எழுதத் தேவையில்லை, ஊரை மட்டும் எழுதினால் போதும். கிணறு இருந்தால் அது எத்தனை அடி ஆழம் என்றும் எழுதுங்கள்.