கடன் கடைசியில் வரட்டும்



வேலை போனால் கம்பெனி எடுத்துக் கொடுத்த குரூப் இன்சூரன்ஸும் கூடவே போய்விடும். அந்த நேரம் பார்த்து வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், லட்சக்கணக்கில் பில் வருகிறது. உடனே நகை அடகுக்குப் போகிறது. அது போதாவிட்டால் வட்டிக்கு வாங்குகிறார்கள். இந்த வரிசையே தவறு என்பேன். பில்லைக் குறைக்கவோ தவிர்க்கவோ உள்ள வழிகள் பெரும்பாலும் பணம் கட்டுவதற்கு முன்புதான் திறந்திருக்கின்றன. அவற்றையெல்லாம் பார்த்த பிறகே கடனைப் பற்றி யோசிக்க வேண்டும்.

காப்பீடு உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்று முதலில் பார். சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்திருந்தால், வேலை போன அன்றே உரிமை அறுந்துவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருந்தால், அடுத்த ஜூன் முடியும்வரை சிகிச்சை பெறலாம். இன்னொன்று, 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தபின், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். சம்பளக்காரர் வீடு, நமக்கு எங்கே கிடைக்கும் என்று இருந்த குடும்பம், சம்பளம் நின்றதும் அந்த வரம்புக்குள் வந்திருக்கக்கூடும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள பதிவு மையத்துக்குப் போ. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத் திட்டமே நேராகக் கட்டும். கையிலிருந்து கட்டிவிட்ட பணத்தைப் பின்னால் போய்க் கேட்பது வீண். அதனால்தான் அட்மிஷன் போட்ட அன்றே விசாரிக்கச் சொல்கிறேன்.

அடுத்தது பில். மொத்தத் தொகை மட்டும் உள்ள ஒற்றைத் தாளை வாங்கிக்கொள்ளாதே; இனம் இனமாகப் பிரித்துக் கேள். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் இந்த உரிமை எழுதியிருக்கிறது. வார்டுக்கு வாங்கிவந்து பிரிக்காமல் திருப்பிக் கொடுத்த ஊசி மருந்து கழிக்கப்பட்டிருக்கிறதா? கையுறையும் சிரிஞ்சும் ஒரு நாளைக்கு எத்தனை? இதய ஸ்டென்ட் வைத்திருந்தால், 2017 பிப்ரவரியிலிருந்து அதற்கு அரசு உச்சவரம்பு விலை உண்டு. மருந்து பூசியதற்கு அப்போது 29,600 ரூபாய் என்று வைத்தார்கள். இன்றைய வரம்பைப் பார்த்துப் பில்லோடு ஒப்பிடு.

உயிரைக் காப்பாற்றியவரிடம் கணக்குக் கேட்கலாமா என்பார்கள். டாக்டரிடம் உள்ள நன்றி வேறு, ஆஸ்பத்திரி அலுவலகத்தின் கணக்கு வேறு. கணக்குக் கேட்டால் நோயாளியை அனுப்ப மாட்டார்கள் என்ற பயமும் உண்டு. பாக்கிக்காக நோயாளியைப் பிடித்துவைக்கக் கூடாது என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2017-இல் சொல்லியிருக்கிறது. நோயாளி சேவைக்குப் பணம் கொடுத்த நுகர்வோர் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டதால், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். மதுரையில் கோரிப்பாளையம் அரசு பெரியாஸ்பத்திரிக்கா போவது என்ற தயக்கத்துக்கு மட்டும் பாதி நியாயம் இருக்கிறது. கூட்டம், காத்திருப்பு, படுக்கைக்கு அலைச்சல் எல்லாம் உண்மை. ஆனால் அரசு இராசாசி மருத்துவமனை, 1954-இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. அங்கே பார்ப்பவர்கள் மருத்துவம் கற்றுக்கொடுக்கும் பேராசிரியர்கள். உயிர் ஊசலாடும் நேரத்தில் பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கேதான் ஓட முடியும், அதில் தவறே இல்லை. அபாயம் நீங்கியதும் மாற்றலாமா என்று இரண்டாம் நாளே டாக்டரிடம் கேள். பத்தாம் நாள் கேட்டால் பில் உங்களைத் தாண்டிப் போயிருக்கும்.

இத்தனைக்கும் பிறகு பாக்கி நின்றால் தவணை கேள், எழுத்தில் வாங்கு. கடனே வேண்டுமென்றால் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வாங்கு. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறது. எவ்வளவு அவசரமானாலும் அந்த வாசலை மிதிக்காதே தம்பி.