கப்பல் வாடகையின் ஏற்றமும் இறக்கமும்

கேள்வி: 2008-ம் ஆண்டு மே 20-ந் தேதி 11,793 புள்ளியில் நின்ற பால்டிக் உலர் சரக்குக் குறியீட்டெண், அதே ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி 663-க்கு இறங்கியதாகப் படித்தேன். அப்படியானால், அந்த ஆறேழு மாதத்தில் உலகத்தின் கடல் வாணிபம் நூற்றுக்கு 94 பங்கு அழிந்துபோயிற்று என்று கொள்ளலாமா?
(ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: அவ்வாறு கொள்வதற்கில்லை. அந்த அளவுக்கு வாணிபம் அழிந்திருக்குமானால், தங்கள் ஊர்த் துறைமுகமே அதைத் தங்களுக்குச் சொல்லியிருக்கும். மறு ஆண்டாகிய 2009-ல் கடல்வழிச் சரக்கு குறைந்தது ஏறக்குறைய நாலரை சதவீதமே. லண்டனிலுள்ள பால்டிக் எக்ஸ்சேஞ்சுக்குக் கப்பல் தரகர்கள் நாள்தோறும் மதிப்பிட்டு அனுப்பும் வாடகைகளைக் கொண்டு அமைக்கப்படும் இந்த எண், இரும்புத் தாதும் நிலக்கரியும் தானியமும் எவ்வளவு சென்றன என்பதை அளப்பதில்லை. அவற்றை ஏற்ற இன்றைக்கு ஒரு கப்பல் பிடித்தால் என்ன கொடுக்க வேண்டும் என்பதையே அளக்கிறது. பத்துக் கப்பல் சரக்குக்கு ஒன்பது கப்பல் இருந்தால் சரக்குக்காரர் கேட்டதைக் கொடுப்பார். பதினொன்று இருந்தால் கப்பல்காரர் கிடைத்ததை வாங்கிக்கொள்வார். இவ்விரு நிலைமைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் இரண்டே கப்பல்கள்தாம்.

சீன தேசத்து எஃகு ஆலைகள் பிரேசிலிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் மேன்மேலும் தாது வரவழைத்த அந்தக் காலத்தில், துறைமுகங்கள் அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் திணறின. 2007 ஜூன் 8-ந் தேதி ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்துக்கு வெளியே, நிலக்கரி ஏற்றும் முறைக்காக ஐம்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள் காத்திருந்தன. அன்றைய புயலில் அவற்றுள் ஒன்றான 'பாஷா பல்கர்' நகரத்துக் கடற்கரையிலேயே தரைதட்டிவிட, ஜனங்கள் வேடிக்கை பார்க்கத் திரண்டார்கள். கப்பல் தரகர்களுக்கோ, தரைதட்டிய அந்த ஒன்றைக்காட்டிலும் தரைதட்டாமல் காத்துக்கிடந்த மற்றவைதாம் முக்கியம்; ஏனெனில், காத்துக்கிடக்கும் கப்பல் சந்தையில் இல்லாத கப்பலுக்குச் சமானம். வாடகை உச்சிக்கு ஏறியதில் இந்த வரிசைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

2008 செப்டம்பரில் லீமன் பிரதர்ஸ் வங்கி திவாலாகி, ஒரு வங்கி கொடுக்கும் கடன் உறுதிப் பத்திரத்தை இன்னொரு வங்கி நம்பாத நிலைமை வந்தபோது, சரக்கும் தயங்கிற்று, வரிசைகளும் கரைந்தன. ஜூன் மாதத்தில் நாளொன்றுக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்த கேப்சைஸ் ரகத்துப் பெருங்கப்பல், டிசம்பரில் மூவாயிரம் டாலருக்கும் குறைவாகவே சம்பாதித்தது; மாலுமிகளின் சம்பளம் முதலிய அன்றாடச் செலவுக்கே அது காணாது.

ஆனால் இந்த வீழ்ச்சியைவிட விசித்திரமானது அதன் பிறகு நேர்ந்ததே என்பது என் அபிப்பிராயம். நல்ல வாடகை கிடைத்த நாளில் கொடுத்த ஆர்டர், கப்பலாக உருப்பெற்றுத் தண்ணீரில் இறங்க இரண்டு மூன்று வருஷங்கள் ஆகும். அதற்குள் அந்த நல்ல நாள் போயிருக்கும். இடையில் வாடகை சற்றே தலைதூக்கிய போதெல்லாம், முன்பட்ட பாட்டை மறந்து மறுபடியும் ஆர்டர் கொடுத்தார்கள். 2015-ல் உலகக் கடல்வழிச் சரக்கு 1,000 கோடி டன்னைத் தாண்டி, முன் எப்போதும் இல்லாத அளவை எட்டியது. அப்படியிருந்தும் 2016 பிப்ரவரி 10-ந் தேதி குறியீட்டெண் 290-க்கு இறங்கியது. சரக்கு பெருகியிருந்தது, கப்பல்கள் அதைக்காட்டிலும் பெருகியிருந்தன.

கேள்வி: நஷ்டத்தில் ஓட்டுவதைவிடக் கப்பல்களை நிறுத்திவைக்கலாமே?
(அதே வாசகர்)

பதில்: சிலர் நிறுத்தத்தான் செய்தார்கள். ஆயினும் நிறுத்திய கப்பலுக்கும் காவலும் இன்ஷூரன்ஸும் வங்கி வட்டியும் உண்டு. தவிர, ஒருவர் நிறுத்தினால் அதன் லாபம் ஓட்டிக்கொண்டிருக்கும் போட்டியாளருக்கே போய்ச் சேரும். குஜராத்தின் அலங் கடற்கரைக்கு உடைக்க அனுப்பலாமென்றாலோ, அச்சமயம் எஃகு விலையும் விழுந்திருந்தமையால் கிடைத்தது சொற்பமே. ஆகவே, இக்குறியீட்டெண்ணைக் கொண்டு வாணிபத்தின் போக்கை அறிய விரும்பும் தாங்கள், சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளின் கப்பல் கட்டும் தளங்களில் எத்தனை ஆர்டர்கள் நிலுவையில் இருக்கின்றன என்பதையும் உடன் வைத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.