இரவில் சைக்கிளில் போகும்போது

“நிலவு வெளிச்சம் இருக்குது, பாதை எனக்கு நல்லாத் தெரியும், லைற் எதுக்கு?” மீள்குடியேறிய கிராமங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பாதை உங்களுக்குத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் பின்னால் வரும் லொறிச் சாரதிக்கு நீங்கள் அதில் போவது தெரியாது. லைற் பூட்டுவது நீங்கள் பார்ப்பதற்கு மட்டுமல்ல, மற்றவர் உங்களைக் காண்பதற்கும்தான்.

வெளிச்சம் இல்லாமல் போகும் பழக்கம் எங்களுக்குச் சும்மா வந்ததல்ல. விமானச் சத்தம் கேட்டவுடன் கைவிளக்கையும் அணைத்து வாழ்ந்தவர்கள் நாங்கள். பற்றரிக்குத் தடை இருந்த தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த டைனமோவை மீண்டும் சைக்கிளில் பூட்ட வேண்டிய காலம் இது.

நீங்கள் விட்டுப்போன வீதியும் இப்போது அப்படியே இல்லை. ஏ-9 வீதியிலும் பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலும் லொறிகளும் பஸ்களும் இரவிலும் ஓடுகின்றன. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும். சாரதி உங்களைக் கண்டு பிரேக்கில் காலை வைப்பதற்குள்ளேயே அந்த ஒரு விநாடி போய்விடும். அதன் பிறகும் வாகனம் நிற்க, காய்ந்த வீதியில்கூட, இன்னும் இருபது மீற்றர் அளவு வேண்டும். பாரம் ஏற்றிய லொறிக்கு இது போதாது. கறுத்த உடுப்போடு, பின் லைற் இல்லாமல் போகிறவரைச் சாரதி காண்பது மிகக் கிட்ட வந்த பிறகுதான்.

“வாகனம் வந்தால் ஓரத்தில் இறங்கிவிடுவேன்” என்று நினைக்கவேண்டாம். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை நிற்கும் இடங்களில் வீதியோரம் இன்னும் துப்புரவாக்கப்படவில்லை. இருட்டில் அந்தப் பலகையும் தெரியாது. சூடு ஆறாத தாரில் படுத்துக் கிடக்கும் மாடுகளும் தெரியாது.

முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் சிவப்பு என இரண்டு வெளிச்சம் வேண்டும். டைனமோவின் உருளை ரயரின் பக்கத்தில் நன்றாகப் படியவேண்டும். சரியாகப் படிந்தும் லைற் எரியாவிட்டால், புதிது வாங்குவதற்கு முன் அதன் பிடியைக் கழற்றிப் பாருங்கள். சைக்கிளின் இரும்பு வழியாகத்தான் மின்சாரம் திரும்பி வருகிறது. இடையில் துருவோ பெயின்றோ இருந்தால் எரியாது. அந்த இடத்தைச் சுரண்டிவிட்டுப் பூட்டினால் பெரும்பாலும் சரிவரும். முன் மின்குமிழ் எரிந்து போனால் உடனே மாற்றுங்கள். இல்லாவிட்டால் முழு மின்சாரமும் பின் மின்குமிழுக்குப் போய், வேகமாக மிதிக்கும்போது அதுவும் எரிந்துவிடும்.

டைனமோ இல்லாதவர்கள் ஒரு டோர்ச்சைப் பழைய ரியூப் துண்டால் கான்டிலில் கட்டலாம். பத்துப் பதினைந்து அடி தூரத்தில் வெளிச்சம் நிலத்தில் விழும்படி சற்றுச் சரித்துக் கட்டுங்கள். எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கக்கூடாது. ஆனால் டோர்ச் முன்பக்கத்துக்கு மட்டுமே உதவும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

சைக்கிள் நின்றால் டைனமோ லைற்றும் நின்றுவிடும். அதனால் பின் மட்காட்டில் ஒளி பட்டால் மினுங்கும் சிவப்பு றிஃப்லெக்ரரும் அவசியம். மட்காட்டின் கீழ்நுனிக்கு வெள்ளைப் பெயின்ற் பூசுங்கள். மழைக்காலத்தில் இரண்டிலும் சேறு அப்பிவிடும், புறப்பட முன் துணியால் துடையுங்கள்.

ஆறரை மணிக்கே இருட்டிவிடும். ரியூசனுக்குப் போகும் பிள்ளையின் சைக்கிளை முதலில் பாருங்கள். பிறகு உங்களுடையதை, கரியரில் பாரம் ஏற்றிய பின் ஒருமுறை பின்னால் போய் நின்று பாருங்கள். விறகுக் கட்டோ அரிசி மூட்டையோ சிவப்பு லைற்றை மறைத்தால், இன்னொரு றிஃப்லெக்ரரை மூட்டையின் பின்பக்கத்திலேயே கட்டிவிடுங்கள்.