உப்பு போட்டால் ஐஸ் உருகும். பால் ஏன் உறைகிறது?

கேள்வி: எங்கள் தெருவுக்கு வரும் குல்பிக்காரர், பானையில் ஐஸ் கட்டியோடு கல் உப்பையும் கொட்டிக் குலுக்குகிறார். உப்பு பட்டால் ஐஸ் உருகத்தானே செய்யும்? அதற்குள் இருக்கும் பால் எப்படிக் கட்டியாகிறது? இன்னொன்று: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அவருக்காக இனிப்பு மாத்திரை போட்டு வீட்டில் குல்பி செய்தேன், கல்லாகிவிட்டது. ஏன்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ஐஸ் உருகுவதால்தான் பால் உறைகிறது.

ஐஸின் மேற்பரப்பிலிருந்து நீர் மூலக்கூறுகள் எந்நேரமும் கழன்று தண்ணீருக்குள் போகும். தண்ணீரிலிருந்து சில வந்து ஒட்டிக்கொள்ளும். 0 டிகிரியில் போக்கும் வரவும் சமம். உப்பு கரைந்ததும் வரவு குறைகிறது. ஐஸை ஒட்டிய தண்ணீரில் உப்புத் துகள்களும் கலந்துவிடுகின்றன. அவற்றுக்கோ ஐஸ் படிகத்தில் இடம் கிடையாது. போக்கு மட்டும் பழையபடி நடக்கிறது, ஐஸ் உருகுகிறது. ஒரு கிராம் ஐஸ் உருக சுமார் 80 கலோரி வெப்பம் வேண்டும். மிச்ச ஐஸ், உப்புத் தண்ணீர், தகர அச்சுக்குள் இருக்கும் பால் என்று கிடைத்த இடத்திலெல்லாம் அதை உறிஞ்சிக்கொள்கிறது. பானைக்குள் குளிர் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கலாம். வீட்டு ஃப்ரீசரே மைனஸ் 18தான்!

இதில் பொருளின் குணத்தைவிடத் துகள்களின் எண்ணிக்கைதான் முக்கியம். ஒரு லிட்டர் தண்ணீரில் 342 கிராம் சர்க்கரை கரைத்தால் உறைநிலை சுமார் 2 டிகிரி இறங்கும். உப்பு 58 கிராமே போதும், 3 டிகிரிக்கு மேல் இறக்கிவிடும். உப்பின் துகள் சிறியது. அதுவும் கரையும்போது சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரிகிறது.

உங்கள் குல்பிக்கும் விடை இதிலேயே இருக்கிறது. சர்க்கரைப் பாலில் முதலில் தண்ணீர் மட்டும் ஐஸாகும். மிஞ்சிய பாகு கெட்டியாகக் கெட்டியாக அதன் உறைநிலை இன்னும் இறங்கும். அதனால் ஃப்ரீசரிலும் கொஞ்சம் பாகு உறையாமல் நிற்கும். பல் இறங்குவது அதனால்தான். மாத்திரையில் இனிப்பு உண்டு, எடை இல்லை. சில மில்லிகிராம் எதைத் தடுக்கும்?

பாலை இன்னும் சுண்டக் காய்ச்சுங்கள். தண்ணீர் குறைந்தால் ஐஸும் குறையும். சாப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். பானையிலேயே செய்து பார்ப்பதானால், எடைக் கணக்கில் மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல் உப்பு போதும். அச்சின் மூடியை மைதா மாவால் அடைக்க மறக்காதீர்கள். உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கினால் குல்பி வாயில் வைக்க விளங்காது.