மொட்டை மாடிக்கு வெள்ளை டைல்ஸ்: செலவு யார் தலையில்?

கேள்வி: நங்கநல்லூரில் 1996-இல் கட்டிய அடுக்குமாடி எங்களுடையது. தரைத்தளமும் மேலே மூன்று தளங்களுமாக மொத்தம் 12 வீடுகள். எங்கள் வீடு மூன்றாவது மாடியில், மேற்கு ஓரம். ஏப்ரல் பிறந்தால் இரவு பதினொரு மணிக்கும் சீலிங்கிலிருந்து அனல் இறங்குகிறது. ஏ.சி.யை அணைக்கவே முடிவதில்லை. கோடையில் இரண்டு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது. மொட்டை மாடியில் தட்டோடு பல இடங்களில் பெயர்ந்துவிட்டது. மழைக்காலத்தில் படுக்கையறைச் சீலிங்கில் ஓதம் காண்கிறது. மாடி முழுக்க வெள்ளை கூல் டைல்ஸ் பதித்து, மேற்குச் சுவருக்கு வெப்பத்தைத் தடுக்கும் பெயின்ட் அடித்து, ஜன்னல்களுக்கு சன்ஷேட் நீட்டலாம் என்று சங்கத்தில் கேட்டேன். "வெயில் உங்கள் தலையில்தானே விழுகிறது, நீங்களே செலவு பண்ணிக்கோங்க" என்கிறார்கள் தரைத்தளத்துக்காரர்கள் மூவரும். 12 பேரும் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் நடக்கும் என்கிறார் செயலாளர். எங்கள் எதிர்வீட்டுக்காரரோ, மாடி உரிமையை பில்டர் தனக்கே எழுதிக் கொடுத்திருப்பதாகவும், யாராவது கை வைத்தால் கோர்ட்டுக்குப் போவேன் என்றும் சொல்கிறார். முதலில் என் பணத்தைப் போட்டு வேலையை முடித்துவிட்டு, பிறகு மற்றவர்களிடம் வசூலிக்க வழி உண்டா?
— வாசகி, சென்னை

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள், அம்மா. நல்ல எண்ணத்தில் கைக்காசைப் போட்டுவிட்டு ரசீதுக் கட்டோடு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவை யாரோ அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் இன்னொருவருக்காக ஒரு காரியத்தைச் சட்டப்படி செய்து, மற்றவர் அதன் பலனை அனுபவித்தால் ஈடு தர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. கேட்க உங்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கும். ஆனால் மேற்கு வங்க அரசுக்கும் பி.கே.மண்டல் அண்ட் சன்ஸுக்கும் நடந்த வழக்கில், 1961-இல் வெளியான தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் எல்லை போட்டது: வேண்டாம் என்று மறுக்கும் வாய்ப்பு மற்றவருக்கு இருந்திருக்க வேண்டும்; அப்படியிருந்தும் அவர் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். தரைத்தளத்தார் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். பதித்த டைல்ஸைப் பெயர்த்துத் திருப்பித் தரவும் அவர்களால் முடியாது. உங்கள் வழக்கு முதல் விசாரணையிலேயே நொண்டும்.

போதாததற்கு, பொதுச் சொத்தில் அனுமதியின்றி வேலை செய்தார் என்ற குற்றச்சாட்டு உங்கள் மேலேயே திரும்பும். ஆகவே வேலையைச் செய்ய வேண்டியது சங்கம். தொந்தரவுதான், ஆனால் பாதுகாப்பான வழி இது ஒன்றுதான்.

இனி செயலாளரின் '12 கையெழுத்து'. பல சங்கங்களில் இதைச் சட்டம் போலவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மனையில் ஒருவருக்குள்ள பிரிபடாத பாகத்தைக் குறைப்பதற்கோ, பொது இடத்தை ஒருவருக்கே எழுதிக் கொடுப்பதற்கோ பாதிக்கப்படும் உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் முடியாது, உண்மை. மாடியைப் பழுது பார்ப்பதில் யாருடைய பங்கும் குறையவில்லையே. 1994-ஆம் ஆண்டின் பழைய சட்டம் போய், இப்போது தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 நடைமுறையில் இருக்கிறது; 2024 மார்ச்சில் அமலுக்கு வந்தது. அந்தச் சட்டத்தில், பழைய கட்டடத்தை முழுவதுமாக இடித்துவிட்டு மறுபடி கட்டவே மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும். இடிக்க எட்டுப் பேர் போதுமாம், ஓடு மாற்றப் பன்னிரண்டு பேர் வேண்டுமாம்! இந்த ஒரு வரியைப் பொதுக்குழுவில் சொன்னாலே செயலாளர் யோசிப்பார்.

பழுதுபார்ப்புக்கு எத்தனை ஓட்டு என்பதை உங்கள் சங்கத்தின் துணைவிதிகளில் பாருங்கள். சிறிய பழுதை நிர்வாகக் குழுவே செய்யலாம், ஒரு தொகைக்கு மேல் போனால் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும் என்ற வகையில் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். துணைவிதி என்ன சொன்னாலும் 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, நோட்டீஸிலேயே வேலையின் விவரம், மதிப்பீடு, ஒவ்வொரு வீட்டின் பங்கு மூன்றையும் எழுதுங்கள். 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில் கடைசி ஐந்து நிமிடத்தில் நிறைவேற்றிய தீர்மானத்தை உடைப்பதைப்போல எதிர்த்தரப்பு வக்கீலுக்குச் சுலபமான வேலை கிடையாது. சங்கம் பதிவாளரிடம் ஆண்டுக் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்கிறதா என்பதையும் பாருங்கள். பாக்கி இருந்தால் அதை முடித்துவிட்டுத் தீர்மானத்துக்கு வாருங்கள்.

இப்போது செலவு. நீங்கள் மூன்று வேலைகளை ஒரே மூட்டையாகக் கட்டி, 'வெக்கை தாங்கவில்லை' என்ற ஒரே காரணத்தை மேலே ஒட்டியிருக்கிறீர்கள். சிக்கலே அங்கேதான். சட்டத்துக்கு வெக்கை ஒரு தலைப்பு இல்லை. பழுது ஒரு தலைப்பு. உங்கள் கேள்வியில் ஓதம் என்ற சொல் போகிற போக்கில் வருகிறது. வழக்கு என்று வந்தால் உங்களுக்குப் பலம் அதுதான்.

மொட்டை மாடி பொது இடம். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் (ரெரா) சட்டத்தின் 2(n) பிரிவு, பொது இடங்களின் பட்டியலில் மாடியைப் பெயர் சொல்லியே சேர்க்கிறது. 1996-இல் முடிந்த உங்கள் கட்டடத்துக்கு அந்தச் சட்டத்தின் பதிவுக் கடமை பொருந்தாது. ஆனாலும் சட்டத்தின் நோக்கு எந்தப் பக்கம் என்பது தெரிகிறதல்லவா? அந்தப் பொது இடத்தில் ஒழுகல் இருந்தால் அதைச் சரிசெய்வது பொதுச் செலவு. பொதுச் செலவைப் பிரிக்கும் அளவுகோல் பிரிபடாத பாகம். யார் எத்தனையாவது மாடியில் இருக்கிறார் என்பது கணக்கில் வராது. தரைத்தளத்தில் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டபோது மூன்றாவது மாடிக்காரர்களும் பங்கு கொடுத்திருப்பீர்கள். பழைய கணக்குப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து வையுங்கள். வாதத்தைவிட அது நன்றாகப் பேசும். தளத்துக்குள் நீர் இறங்கி உள்ளே கம்பி துருப்பிடித்தால் கெடுவது 12 பேருடைய கட்டடம் என்பதையும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கடிதமாக வாங்கி நோட்டீஸுடன் இணையுங்கள்.

அந்தக் கடிதம் இன்னொரு காரணத்துக்காகவும் தேவை. பழைய தட்டோட்டின் அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஓர் அடுக்கு இருக்கும். அதற்கும் கொஞ்சம் வெப்பத்தைத் தடுக்கும் குணம் உண்டு. சில கான்ட்ராக்டர்கள் அதை அடியோடு கொத்திப் போட்டுவிட்டு, மெல்லிய கலவையில் வெள்ளை டைல்ஸ் பதித்து 'கூல் ரூஃப்' என்று பில் போடுவார்கள். இன்னும் சிலர் பழையதன் மேலேயே புதிதைப் போட்டுத் தளத்தின் சுமையை ஏற்றிவிடுவார்கள். எது சரி என்பதை இன்ஜினியர் எழுத்தில் சொல்லட்டும். மத்திய அரசின் எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018 என்ற குடியிருப்பு விதித்தொகுப்பு, மேற்கூரை வழியே வெப்பம் கடத்தும் அளவு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளம் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கடத்தும். அந்த விதி புதுக் கட்டடங்களுக்கானது, உங்களைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் ஒப்பந்தத்தில் அளவுகோலாக அதை எழுதிக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது.

ஆக, தீர்மானம் 'மொட்டை மாடி நீர்க்கசிவுப் பழுதுபார்ப்பு' என்று போகட்டும். தட்டோட்டுக்குப் பதில் வெள்ளை டைல்ஸ் என்பது அந்தப் பழுதில் பொருள் தேர்வு மட்டுமே. இதற்கு 12 வீடும் பங்கு தர வேண்டும் என்பது என் கருத்து. டைல்ஸுக்கு அடியில் தனியாக வெப்பத்தடுப்பு அடுக்கும் வேண்டும் என்றால், அந்தக் கூடுதல் தொகையை மேல்தளத்து மூன்று வீடுகளும் ஏற்றுக்கொள்வதாக முன்வாருங்கள். சட்டப்படி கட்டாயம் இல்லைதான். ஆனாலும் கோர்ட்டுச் செலவோடு ஒப்பிட்டால் அது சல்லிசு. பொதுக்குழுவில் மின்கட்டண அட்டையை நீட்டுவதாக இருந்தால் மேல்தளத்து மூன்று வீட்டு அட்டைகளையும் நீட்டுங்கள். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விகிதம் உயர்ந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்குவதே பெரிய மிச்சம்.

மேற்குச் சுவர் வேறு கதை. வெளிச்சுவர் பொதுச் சொத்து. உங்கள் வீட்டு அளவுக்கு மட்டும் நீங்களே வேறு பெயின்ட் அடித்துக்கொள்ள முடியாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டடம் முழுக்க வெளிப்பூச்சு நடக்குமே, அப்போது வெயிலைத் திருப்பும் வகைப் பெயின்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சாரம் கட்டும் செலவு எப்படியும் ஆகப் போகிறது. பக்கத்து மனையில் சாரத்தின் கால் ஊன்ற வேண்டியிருந்தால் அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஓர் எச்சரிக்கையும் உண்டு. சுவருக்கு ஏ.சி.பி. எனப்படும் அலுமினியக் கூட்டுத் தகடு அடித்தால் வெக்கையும் குறையும், கட்டடமும் புதுசாகத் தெரியும் என்று யாராவது கேட்டலாக்கோடு வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். லண்டனில் 1974-இல் கட்டிய கிரென்ஃபெல் டவருக்கு 2016-இல் இப்படித்தான் வெளிப்புறம் புதுப்பித்தார்கள். வெப்பத்தடுப்பும் நோக்கங்களில் ஒன்று. பாலிஎதிலீன் உட்பகுதி கொண்ட அலுமினியத் தகடு அது. 2017 ஜூன் 14 அதிகாலை ஒரு வீட்டுச் சமையலறையில் பிடித்த தீ அந்தத் தகடுகள் வழியே மேலேறி 72 உயிர்களைக் கொண்டுபோனது. தீர்மானத்திலேயே 'எரியாத பொருள் மட்டும்' என்று எழுதிவிடுங்கள்.

சன்ஷேட் உங்கள் ஜன்னலுக்கு நிழல் தருவது. அதன் செலவு உங்களுடையது. சங்கத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். கட்டடத்தைச் சுற்றி விட்டிருக்கும் காலியிடத்துக்குள் எவ்வளவு நீட்டலாம் என்பதற்குத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இல் வரம்பு இருக்கிறது. மாநகராட்சியில் பதிவுபெற்ற இன்ஜினியரிடம் வரைபடம் போட்டுப் பார்த்துவிட்டு நீட்டுங்கள். கான்கிரீட்டைவிட, வேண்டாதபோது மடக்கக்கூடிய வெளித்திரை போதுமென்றால் வம்பே இல்லை.

எதிர்வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பத்திரம் எங்கே? 12 வீட்டுக் கிரயப் பத்திரங்களிலும் உள்ள பிரிபடாத பாகங்களைக் கூட்டிப் பாருங்கள். வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். மனை முழுவதும் ஏற்கெனவே விற்றுத் தீர்ந்திருந்தால், தன்னிடம் இல்லாத உரிமையை பில்டர் பிறகு எழுதிக் கொடுத்திருக்க முடியாது. ஒருவேளை அவருடைய முதல் பத்திரத்திலேயே மாடியைப் பயன்படுத்தும் உரிமை இருந்தாலும், அது துணி உலர்த்தவும் தொட்டி வைக்கவும் உதவும். கீழே ஒழுகும் தளத்தைச் சங்கம் சரிசெய்வதைத் தடுக்க உதவாது.

பணம் சம்பந்தமாக இரண்டு சிறு குறிப்புகள். கான்ட்ராக்டருக்கு ஒரே பில்லில் 30,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் பதிவு பெற்ற சங்கம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். ஒரு வீட்டின் பராமரிப்புக் கட்டணம் மாதம் 7,500 ரூபாய் தாண்டினால் ஜி.எஸ்.டி. என்று யாராவது பயமுறுத்தினால், சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை அது உங்களுக்கில்லை என்று சொல்லுங்கள்.

தீர்மானம் நிறைவேறிய பிறகும் தரைத்தளத்தார் பங்கு தராவிட்டால் சங்கம் நோட்டீஸ் அனுப்பி, மூன்றாண்டுக் காலவரம்புக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வசூல் வழக்குப் போடலாம். தண்ணீரை நிறுத்துவது, லிஃப்ட் சாவியைப் பிடுங்குவது எல்லாம் வேண்டாம். அவர்களுக்கு நீங்களே ஒரு வழக்கைப் பரிசாகக் கொடுத்தது போலாகும்.

கோர்ட்டுக்குப் போவேன் என்ற மிரட்டலுக்கு கேவியட் போதும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவில் சங்கத்தின் பெயரில் தாக்கல் செய்துவிட்டால், உங்கள் தரப்பைக் கேட்காமல் அவர் தடையுத்தரவு வாங்க முடியாது. அது 90 நாள்தான் செல்லும். எனவே தீர்மானம், கான்ட்ராக்டர் ஒப்பந்தம் இரண்டும் கையில் வந்த பிறகு, வேலை தொடங்குவதற்குச் சற்று முன்னால் போடுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் தளம் காய வேண்டும். ஜூலையில் பொதுக்குழு, ஆகஸ்ட் தொடக்கத்தில் கேவியட் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.